அலை என்னும் சொல்: மாநிலக் கல்லூரி மாணவர் இருவர்



இலக்கியம் பேசும் அவையில் இயற்பியல் வகுப்பறையைப் பற்றி ஓர் உரையா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். எனினும் அவ்வகுப்பறையில் ஒரு பழந்தமிழ்ச் சொல்லுக்கு நேர்வது என்ன என்பது தமிழ் கற்றோரும் அறிய வேண்டிய செய்தியே ஆகும். அச்சொல் ‘அலை’ என்பது. இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு இளம் அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர், தொடக்கத்தில் அதிர்வு, ஒலி, ஒளி ஆகிய பாடங்களில் அச்சொல்லை ஒரு பொருளில் கற்கிறார். இறுதியாண்டில் குவாண்டம் இயக்கவியல் என்னும் பாடத்தில் அதே சொல் மீண்டும் வருகிறது. எழுத்து மாறவில்லை, ஒலிப்பு மாறவில்லை, பொருள் மட்டும் வேறாகிவிட்டது. இடையில் நிகழ்ந்தது யாது என எடுத்துரைப்பார் பெரும்பாலும் இலர். மாணவரும் இரண்டையும் தனித்தனியே மனனம் செய்து, தனித்தனியே தேர்வெழுதி, தனித்தனியே மறந்து செல்கின்றனர்.

‘அலை’ தமிழில் பெயராகவும் வினையாகவும் நிற்பது. கடலில் எழுவது அலை. ஓரிடத்தில் நிலைகொள்ளாது திரிவதும் அலைதலே. அலைச்சல், அலைவு, அலைக்கழிவு என அதன் கிளைகள் பல. திரை என்பதும் அலையே. திரைகடல் என்னும் தொடரை அறியாதார் இலர். கலைச்சொல் ஆக்கியோர் இவ்வளத்தை நன்கு பயன்கொண்டனர். ஊசலின் இயக்கத்துக்கு ‘அலைவு’ என்றனர். அலையின் உயரத்துக்கு ‘வீச்சு’ என்றனர். இருமுனையும் கட்டப்பட்ட நரம்பு அதிரும்போது அசையாது நிற்கும் புள்ளிக்குக் ‘கணு’ என்று பெயரிட்டனர். கரும்பையும் மூங்கிலையும் கண்டறிந்த ஒருவர் சூட்டிய பெயர் அது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலம் வழியே கற்போர் இலத்தீன் வேர்ச்சொல் ஒன்றை மனனம் செய்ய வேண்டிய இடத்தில், தமிழ் வழியே கற்பவர் தம் தோட்டத்துக் கரும்பை நினைந்தால் போதும்.

இச்சொல்லின் பொருள் மாறிய காலத்தை அறிய, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இரு மாணவரின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்து நோக்குதல் நலம். ஒருவர் சந்திரசேகர வேங்கட இராமன். மற்றவர் அவருடைய தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். முன்னவர் அக்கல்லூரியில் சேர்ந்தது 1903ஆம் ஆண்டு. பின்னவர் சேர்ந்தது 1925ஆம் ஆண்டு. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில்தான் இயற்பியலின் அடித்தளம் பெயர்ந்தது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்த இராமன், 1904இல் இளங்கலைப் பட்டத்தில் முதலிடம் பெற்றார். பின்னர் முதுகலை பயின்றுகொண்டிருந்தபோது, ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகம் ஒன்றின் கோணத்தை அளக்க நேர்ந்தது. இன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் இயற்பியல் மாணவர் அனைவரும் செய்யும் சோதனைதான் அது. அளவை எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் கையொப்பம் பெற்றுச் செல்வதே வழக்கம். இராமனோ தொலைநோக்கியில் தெரிந்த ஒளிப்பட்டைகளைப் பார்த்தவாறு நின்றார். ஒளி மிகச் சாய்ந்து விழும்போது முப்பட்டகத்தின் முகம் ஒரு குறுகிய செவ்வகத் துளைபோல் செயற்படுகிறது. அதனால் விளிம்பு விளைவுப் பட்டைகள் தோன்றுகின்றன. ஆனால் நூல்கள் கூறியவாறு அவை நடுப்பட்டையின் இருபுறமும் ஒத்திருக்கவில்லை. ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனிலிருந்து வெளிவந்த ‘ஃபிலாசஃபிகல் மேகசின்’ இதழில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அக்கட்டுரையில் ஒளி என்பது ஐயத்துக்கிடமற்ற அலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் இரு துளைகளின் வழியே ஒளியைச் செலுத்தி, ஒளியும் ஒளியும் கூடி இருளாதலைக் காட்டியபின், ஒளி அலையே என்னும் கொள்கை வேரூன்றியது. அலையும் அலையும் ஓரிடத்தில் சந்திக்கும்போது முகடும் முகடும் சேர்ந்தால் பெருகும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கும். இம்மேற்பொருந்துதலே அலையின் இலக்கணம். இதனைக் கற்ற தலைமுறையின் மாணவர் இராமன்.

கல்கத்தாவில் நிதித்துறை அலுவலில் அமர்ந்தபின்னும் அவர் அலையை விடவில்லை. அலுவலகம் செல்லுமுன்னும் மீண்டபின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். தந்தையார் பிடில் வாசிப்பவர். வீட்டில் நரம்பொலி கேட்டு வளர்ந்த செவி அது. பிடிலின் வில் நரம்பை எவ்வாறு அதிரச் செய்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் அவர் கருத்து வீணை, தம்பூரா ஆகியவற்றின் மேல் சென்றது.

இங்குச் சற்றே நின்று காண வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இருமுனையும் கட்டப்பட்ட நரம்பு தன் விருப்பம்போல் அதிர இயலாது. முழு நீளமும் ஒரே வளைவாக அதிரலாம். இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு கணுவுடன் அதிரலாம். மூன்றாக, நான்காகப் பிரிந்தும் அதிரலாம். இரண்டரையாகப் பிரிய இயலாது. முனைகள் கட்டுண்டிருப்பதால் முழு எண்களுக்கே அங்கு இடம். அவ்வதிர்வெண்கள் 1, 2, 3 என்னும் விகிதத்தில் அமைகின்றன. நரம்பை ஒரு புள்ளியில் மீட்டினால், அப்புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் கண்ட விதி. மீட்டிய இடம் அசைந்தாக வேண்டும், கணுவோ அசையாதது. ஆதலின் அவ்விதி நேரியது. ஆனால் வீணையிலும் தம்பூராவிலும் அவ்விதி பொய்த்தலை இராமன் கண்டார். ஒலிக்கக் கூடாத மேற்சுரங்கள் செவ்வனே ஒலித்தன. காரணம் குதிரையின் அமைப்பு. மேலைநாட்டு இசைக்கருவிகளில் நரம்பு கூரிய விளிம்பில் படிகிறது. நம் நாட்டுக் கருவிகளிலோ அகன்று மெல்ல வளைந்த பரப்பின்மேல் தவழ்ந்து செல்கிறது. அதிரும்போது நரம்பு அப்பரப்பைத் தொட்டும் விட்டும் நிற்பதால் புதிய மேற்சுரங்கள் எழுகின்றன. தம்பூராவில் நரம்புக்கும் குதிரைக்கும் இடையே சிறு நூலைச் செருகிச் ‘ஜீவா’ பிடிக்கும் பாடகர் செய்வதும் இதுவே. அதன் காரணத்தை விளக்கும் கட்டுரையை இராமன் 1921இல் வெளியிட்டார்.

மிருதங்கத்தின் செய்தியும் இத்தகையதே. வட்டமான தோற்பரப்பின் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமையா. அதனால்தான் சாதாரணப் பறையில் சுருதி சேர்வதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அடுக்கடுக்காக அப்பிய கருநிறப் பூச்சு, தோலின் எடையை மாற்றி, அதிர்வுகளை முழு எண் விகிதத்துக்குக் கொணர்கிறது. இதனை இராமன் சிவகாளி குமார் என்பாருடன் இணைந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பூச்சின் கனத்தைச் செவியால் அறிந்து தேய்த்துத் தேய்த்துச் செப்பம் செய்த கைவினைஞரின் பெயரை எந்த நூலும் குறிக்கவில்லை. இளம் அறிவியல் பாடநூல்களும் சோனாமீட்டரைக் கூறி அமைகின்றனவேயன்றி வீணையையும் மிருதங்கத்தையும் கூறுதல் அரிது. இது குறையே.

யாழைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்று, பின் துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலாநந்த அடிகள், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைக் கொண்டே சிலப்பதிகாரத்தின் யாழ்ப்பகுதிகளுக்கு விளக்கம் கண்டார். அவருடைய ‘யாழ்நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அறிவியல் பட்டம் தமிழாய்வுக்கு இடையூறன்று என்பதற்கு அந்நூல் சான்று.

இனி, பொருள் மாறிய கதை. 1900இல் மாக்ஸ் பிளாங்க், வெப்பக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கொள்ளாவிடில் கணக்குச் சரிப்படாது என்று கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன், ஒளியே அவ்வாறு பொட்டலங்களாக வருகிறது என்றார். 1909இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் என்னும் இளைஞர் ஓர் ஊசியின் நிழலை மிக மங்கிய ஒளியில் படம் பிடித்தார். ஒளிப்படத் தகட்டில் உரு பதிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. அந்நாள்களில் அவர் பாய்மரப் படகேறி உலாச் சென்றுவிட்டார் என்று சொல்வதுண்டு. மீண்டு வந்து பார்த்தபோது, வலிய ஒளியில் தோன்றும் அதே பட்டைகள் தகட்டில் இருந்தன. பொட்டலம் பொட்டலமாக வந்தும் ஒளி தன் அலைக்கோலத்தை விடவில்லை.

1924இல் லூயி டி பிராய் இதனைத் திருப்பிப் போட்டார். அலை துகளாகுமெனில் துகளும் அலையாகலாமே என்றார். சூரிக் நகரில் ஒரு கருத்தரங்கில் இக்கொள்கையை எர்வின் ஷ்ரோடிங்கர் விளக்கியபோது, அலை என்றால் அதற்குரிய அலைச்சமன்பாடு எங்கே என்று டிபை வினவியதாக அங்கிருந்த மாணவர் ஃபெலிக்ஸ் பிளாக் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1926இல் ஷ்ரோடிங்கர் அச்சமன்பாட்டை வெளியிட்டார். 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்களை மோதச் செய்து விளிம்பு விளைவைக் கண்டனர், ஜி. பி. தாம்சனும் வேறு முறையில் அதனைக் கண்டார். எலக்ட்ரானைத் துகளெனக் கண்டறிந்தவர் ஜே. ஜே. தாம்சன், அது அலையெனக் காட்டிய ஜி. பி. தாம்சன் அவருடைய மகன். தந்தை 1906இலும் மகன் 1937இலும் நோபல் பரிசு பெற்றனர். இருவரும் உரைத்தது உண்மையே என்பதுதான் இதில் வியப்பு.

எனில் எலக்ட்ரானின் அலையில் அலைவது எது? வீணையில் நரம்பு அலைகிறது. கடலில் நீர் அலைகிறது. ஒலியில் காற்று அலைகிறது. இங்கு அலையும் பொருள் எதுவும் இல்லை. அவ்வலையின் வீச்சை இருமடி செய்தால் கிடைப்பது, எலக்ட்ரான் அவ்விடத்தில் காணப்படுவதற்கான நிகழ்தகவு என்று 1926இல் மாக்ஸ் போர்ன் விடையளித்தார். அலை பொருளிலிருந்து பிரிந்து வாய்ப்பின் கணக்காயிற்று. சொல்லின் வரலாற்றில் இத்துணைப் பெரிய தாவல் அரிது.

இத்தாவல் நிகழ்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்றவர் சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர். கணிதம் பயில விழைந்தவர், தந்தையார் விருப்பத்தால் இயற்பியலில் சேர்ந்தார். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கிய பெருமைக்குரியவர். அவ்வகுப்புக்கு ஓராண்டு பின்னால் அதே இயற்பியலைப் பயின்றவர் லலிதா துரைசாமி. 1936இல் சந்திரசேகரை மணந்தவர். இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் பெண்கள் மிக அருகியிருந்த காலம் அது. சந்திரசேகரின் வரலாற்றைக் கூறுவோர் லலிதா அம்மையாரை மனைவியாகவே குறித்துச் செல்கின்றனர். அவரும் அதே பாடத்தைக் கற்றவர் என்பதை ஒரு வரியேனும் எழுதுதல் தகும்.

1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், சிதறிய ஒளியில் நிறமாற்றம் பெற்ற பகுதியைக் கண்டார். ஒளியின் பொட்டலம் மூலக்கூற்றுடன் ஆற்றலைக் கொடுத்தும் வாங்கியும் செல்லுதலே அதன் காரணம். சாய்ந்த ஒளியின் பட்டைகளில் தொடங்கிய மாணவர் அலைக்கொள்கைக்கு அப்பால் வந்து நின்றார். அக்கோடையில் சந்திரசேகர் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் தங்கியிருந்தார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் பேராசிரியர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலைச் சந்திரசேகர் தாமே கற்றுத் தேர்ந்திருந்தார். பதினெட்டு வயது மாணவர் பேராசிரியரை அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கண்டார். தாம் நூலைக் கற்ற செய்தியைக் கூறினார். பேராசிரியர் உரைத்த மறுமொழி பேரிடியாக இருந்திருக்கும். அந்நூல் எழுதப்பட்டபின் இயற்பியல் அடியோடு மாறிவிட்டது. ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக், பாலி ஆகியோர் புதிய குவாண்டம் இயக்கவியலைப் படைத்துவிட்டனர் என்றார் அவர். அரும்பாடுபட்டுக் கற்றது பழையதாயிற்று. ஆயினும் சோமர்ஃபெல்டு அத்துடன் அமையவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியை அம்மாணவரிடம் அளித்தார். மாணவர் அதனைக் கற்றார். நூலகத்தில் அதனோடு தொடர்புடையவற்றைத் தேடிக் கற்றார். சில திங்களில் தாமே ஒரு கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜில் இருந்த ஆர். எச். ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் அது இராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது அவருக்குத் துணைநின்று ஊரைச் சுற்றிக்காட்டியவரும் அவரே. மெரீனாக் கடற்கரைச் சாலையில் இருவரும் காரில் சென்றனர்.

அந்த விடுதி அறையில் சந்திரசேகருக்குக் கிடைத்தது, பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்பதை ஒளிக்காமல் கூறிய ஒரு வாய்ச்சொல். இன்றைய பட்டப்படிப்பு மாணவருக்கு அது கிடைப்பதில்லை என்பதே குறை. பாடத்திட்டத்தில் வீணை நரம்பு ஓரிடத்தில் இருக்கிறது. ‘பெட்டிக்குள் துகள்’ என்னும் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. பெட்டியின் இரு சுவர்களுக்கிடையே அடைபட்ட எலக்ட்ரானின் அலையும், இரு முனைகளில் கட்டுண்ட நரம்பைப்போலவே முழு எண் வளைவுகளாகத்தான் நிற்க இயலும். அங்கும் கணுக்கள் உண்டு. வேறுபாடு யாதெனில், நரம்பில் எல்லா அலைநீளங்களும் ஒரே வேகத்தில் செல்வதால் அதிர்வெண்கள் 1, 2, 3 என ஏறுகின்றன. எலக்ட்ரான் அலையின் வேகம் அலைநீளத்தைப் பொறுத்து மாறுவதால் ஆற்றல்கள் 1, 4, 9 என ஏறுகின்றன. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலேறி இருமடங்காகிறது. பெட்டியைப் பாதியாக்கினால் ஆற்றல் நான்மடங்காகிறது. இன்னொன்றும் உண்டு. நரம்பை மெல்லவும் மீட்டலாம், வலியவும் மீட்டலாம். வீச்சு மீட்டுவோர் விருப்பம். எலக்ட்ரானின் அலைக்கு அவ்வுரிமை இல்லை. பெட்டி முழுதும் கூட்டினால் நிகழ்தகவு ஒன்று என வர வேண்டும்; வீச்சு அதனாலேயே கட்டுண்டது. நரம்பின் கணக்கில் கலப்பெண் வசதிக்காக வந்து, இறுதியில் நீக்கப்படும்; ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டிலோ அது நீக்கவொண்ணாதபடி முதலிலேயே அமர்ந்திருக்கிறது. இவற்றை ஒரே கரும்பலகையில் அருகருகே எழுதிக்காட்ட ஒரு மணி நேரம் போதும். அவ்வொரு மணி நேரத்துக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

தமிழ்வழி மாணவருக்கு இடர் இருமடங்கு. தமிழ் வெளியீட்டுக் கழகமும் அதன்பின் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் 1960களிலும் 1970களிலும் கல்லூரி இயற்பியல் நூல்கள் பலவற்றைத் தமிழில் வெளியிட்டன. அவற்றில் ஒலி, ஒளிப் பகுதிகளின் நடை தெளிந்தது; ஏனெனில் சொற்கள் மண்ணிலிருந்து வந்தவை. புதிய இயற்பியலுக்கு வந்ததும் நடை இடறுகிறது. குவாண்டம் என ஒலிபெயர்ப்போர் உளர். குவையம் என்போர், துளிமம் என்போர் உளர். ஈழத்துக் கலைச்சொல் மரபில் ‘சத்திச்சொட்டு’ என்றனர். சொட்டு என்னும் சொல் அழகியது. நீர் ஒழுகாமல் துளித்துளியாக விழுதலைக் கண்முன் நிறுத்துவது. எதைக் கொண்டாலும் ஒன்றையே கொள்ளுதல் வேண்டும். ஒரு நூலில் ஒன்றும் வினாத்தாளில் வேறொன்றும் வந்தால் மாணவர் என் செய்வார்?

அலை என்னும் சொல்லையே மாற்றிவிடலாமே என்பாரும் உளர். அது வேண்டுவதன்று. எலக்ட்ரானும் மேற்பொருந்துகிறது, கூடிப் பெருகுகிறது, கூடி அடங்குகிறது. அலையின் இலக்கணம் நிற்கும்வரை அலை என்னும் பெயரும் நிற்கலாம். 1989இல் ஜப்பானில் டோனோமுராவும் குழுவினரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் எடுத்தனர். முதலில் ஒளிப்புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி விழுந்தன. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின் பட்டைகள் தெளிந்து தோன்றின. புள்ளி விழுந்த பரப்புக்குத் தமிழில் பெயர் திரை. அலைக்கும் பெயர் திரை. தற்செயலான இவ்வொற்றுமையைக் கொண்டு மாணவர் மனத்தில் ஒரு படத்தைப் பதிக்கலாம். அதற்கு மேல் அதில் ஏற்றுதல் கூடாது.

மேடைகளில் அவ்வாறு ஏற்றுதல் மிகுந்து வருகிறது. குவாண்டம் கொள்கையைப் பழம்பாடல்கள் முன்பே கூறின என முழங்கினால் கைதட்டல் எழும். தொல்காப்பியப் பிறப்பியல், காற்று உந்தியினின்று எழுந்து தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று எழுத்தொலியாதலைக் கூறுகிறது. ஒலியை அத்துணைக் கூர்மையாக நோக்கிய நூல் அது. அதன் பெருமை அந்நோக்கில் உள்ளது. அதில் இல்லாத அலைச்சமன்பாட்டில் இல்லை.

1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். அன்னையார் அப்போது நோயுற்றிருந்தார். சென்றே ஆக வேண்டும் எனத் தூண்டியவரும் அவரே. கப்பலில், எரிந்து ஓய்ந்த விண்மீன்களைப் பற்றி மாணவர் கணக்கிட்டார். கதிரவனை ஒத்த பொருண்மை பூமியளவு சிறிய உருண்டையாகச் சுருங்கும்போது, அதனுள் அடைபட்ட எலக்ட்ரான்களின் பெட்டி மிகக் குறுகுகிறது; அலைநீளம் குறுக வேகம் ஏறி ஒளியின் வேகத்தை அணுகுகிறது. அந்நிலையில் அவ்விண்மீன் எவ்வளவு பொருண்மையைத் தாங்கும் என்று கணக்கிட்டபோது ஓர் எல்லை வெளிப்பட்டது. அவ்வெல்லையைக் கூறிய சிறு கட்டுரை அமெரிக்காவின் ‘அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ இதழில் 1931 ஜூலையில் வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் சென்னையில் சீதாலட்சுமி அம்மையார் காலமாகியிருந்தார்.